மாலை ஆறு மணி அறிக்கை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு எழுத வராது. கண் சொக்கிவிடும். அதனால் இந்த வாக்குமூலத்தையும் காலையிலேயே எழுதி முடித்துவிடுகிறேன், விசாரணை அதிகாரி அவர்களே. மாலை நாலு மணிக்கு நீங்கள் நேரில் வந்து வாங்கிக்கொண்டதாக முதல் பக்கத்தின் தலைப்பிலேயே குறித்துவிட்டேன். தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். நாலே காலுக்கு வந்தீர்களானால் என் கையெழுத்துக்கு மேலே ஒரு தவறான தகவல் நின்றுவிடும். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அப்படி ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அறை வசதியாக இருக்கிறது. மேஜை ஆடவில்லை. பேனா மட்டும் கொஞ்சம் கசிகிறது.

நான் ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. பதவியின் பெயரைக் கேட்டால் வெளியாட்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளே வந்து பார்த்தால் சிரிப்பு வரும். எந்த முகாமில் எத்தனை கட்டில் உடைந்திருக்கிறது, எந்தக் கூடாரத்தில் கொசுவலை கிழிந்திருக்கிறது, எங்கே கழிவறை அடைத்துக்கொண்டது என்று வரும் தாள்களில் நாளெல்லாம் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. ஸ்டெதஸ்கோப் மேஜை இழுப்பறையில் கிடக்கும். எப்போதாவது பேப்பர் பறக்காமல் இருக்க அதை எடுத்து மேலே வைப்பேன்.

ஆசையெல்லாம் எழுத்தில். ஒரே வாரப் பத்திரிகைக்கு இருபத்தாறு சிறுகதைகள் அனுப்பினேன். இருபத்தாறும் சொந்த வீட்டுக்கு வருவதுபோல் திரும்பி வந்தன. ஒவ்வொன்றோடும் ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. கடைசிக் கதையில் மட்டும் ஆசிரியர் இரக்கப்பட்டுத் தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நடை பரவாயில்லை. பாத்திரங்களுக்குத்தான் உயிர் இல்லை.’ அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். முடிந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படைத்தலைவரை யாரும் பதவியைச் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சிப்பாய் முதல் மந்திரி வரை எல்லாருக்கும் அவர் பெரியவர். அணிவகுப்பில் மழையில் நனைந்தபடி இரண்டு மணி நேரம் சல்யூட் வாங்கிக்கொண்டு நின்றார். மறுநாள் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தலைமையக ஆஸ்பத்திரியின் மாடியில், மைதானத்தைப் பார்த்த அறையில் சேர்த்தோம். பொழுது சாய்வதற்குள் வாசலில் ஆயிரம் பேர், கூட்டத்தை நம்பி ஒரு பலூன்காரர் வேறு. ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குப் பெரியவரின் உடல்நிலை பற்றி என் கையெழுத்தோடு ஓர் அறிக்கை வர வேண்டும், வானொலியில் வாசிக்க வேண்டும், எல்லா முகாம்களிலும் ஒட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

இங்கேதான் அச்சகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைமையக அச்சகத்தின் ஃபோர்மேன் மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். பதினொரு மணிக்குள் பிரதி வந்தால்தான் அன்றைக்கு அச்சு. போர்க்காலத்தில் யாரோ போட்ட விதி. போர் முடிந்தது, விதி முடியவில்லை. முதல் நாள் நான் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தேன்.

“சார், பெரியவரே எழுந்து வந்து கேட்டாலும் பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்” என்றார்.

ஆக, மாலைச் செய்தியை நான் காலையிலேயே எழுதியாக வேண்டும். எனக்கும் காலையில்தான் எழுத வரும் என்பதால் பெரிதாகச் சண்டை போடவில்லை.

முதல் மூன்று நாள் ‘நிலைமை சீராக இருக்கிறது’ என்று எழுதினேன். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளாத வாக்கியம். நாலாம் நாள் கை சும்மா இருக்கவில்லை. ‘மதியம் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு மணிக்கு மாடிக்குப் போனால் பெரியவர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, தலையணையில் சதுரங்கப் பலகையை வைத்து, தானே இரு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறார். அறிக்கை அச்சேறிவிட்டது. அடியில் என் கையெழுத்து. அரசாங்கத்தின் முத்திரை வேறு.

அரை மாத்திரை கொடுத்தேன். தூங்கினார். எழுந்தவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

“கொஞ்சம் புழுக்கமா இல்லீங்களா ஐயா?” என்றேன்.

“ஆமா, இப்ப நீங்க சொன்னதும்தான் தெரியுது. அந்த ஜன்னலைத் திறங்க.”

அவ்வளவுதான். ஆறு மணிக்கு வானொலியில் அதை வாசித்தபோது ஓர் எழுத்துகூட உண்மைக்குப் பிசகவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதியை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி முப்பது வருடமாக என் கதைகளில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. பாதியில் பால் பொங்கும், இல்லையென்றால் தூக்கம் வரும். அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஜன்னலைத் திறக்கச் சொன்னார்னு வந்துச்சே, அது நீங்க எழுதினதா?”

“நான்தான்.”

“எனக்கு என்னவோ பண்ணிடுச்சுங்க.”

முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் எழுத்து அவளை என்னவோ பண்ணியது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு பொரித்த முட்டை.

அடுத்த பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பெரியவர் பத்தடி நடந்தார் என்று எழுதினேன். மாலைக்குள் நடக்க வைத்தேன். பின்னாலேயே எண்ணிக்கொண்டு போய், பதினோராவது அடியை எடுத்து வைக்கப் போனவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆரஞ்சுப் பழத்தில் பாதி சாப்பிட்டார் என்று எழுதினேன். மீதிப் பாதியைக் கையிலிருந்து வாங்கி நானே சாப்பிட்டேன். உலகத்தில் எத்தனையோ அரசாங்க அறிக்கைகள் வருகின்றன. இப்படி ஆரஞ்சுச் சுளை வரைக்கும் உண்மையான அறிக்கை ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

தொல்லை எங்கே வந்தது என்றால், அவர் உடம்பு தேறிக்கொண்டே போனது. நல்லாயிருக்கிறார், இன்னும் நல்லாயிருக்கிறார், ரொம்ப நல்லாயிருக்கிறார் என்று எத்தனை நாள் எழுதுவது? வாசலில் கூட்டம் குறைந்தது. பலூன்காரர்கூட வேறு தெருவுக்குப் போய்விட்டார். ஒருநாள் ஆறு மணிக்கு நான் வீட்டில் இருந்தபோது மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

“இங்கேருந்தே காதுல விழுது. இன்னிக்கும் நல்லாத்தானே இருக்காரு?” என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

அந்தப் பாத்திரச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை ‘பிற்பகலில் லேசான காய்ச்சல் கண்டது. மாலையில் நூற்றியொரு டிகிரி’ என்று எழுதினேன்.

மேட்ரன் நல்ல பெண்மணி, கணக்கில் புலி. கட்டில் காலில் தொங்கும் அட்டையில் மணிக்கு மணி காய்ச்சலைக் குறிப்பார். மூன்று மணிக்கு அட்டையோடு என் அறைக்கு வந்தார்.

“சார், அச்சகத்துலேருந்து வந்த பிரதியில நூத்தியொண்ணுன்னு இருக்கு. இப்பப் பார்த்தேன், சுத்தமா நார்மல்.”

“ஆறு மணி ஆகட்டும் மேட்ரன்.”

மூன்று போர்வை போர்த்திப் பார்த்தேன். வெந்நீர்ப் பைகள் வைத்துப் பார்த்தேன். மனிதர் வியர்த்துக் கொட்டினாரே தவிர நூறைத் தாண்டவில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி ஒன்று இருக்கிறது; மருந்து அலமாரிப் பதிவேட்டில் நீங்களே பார்த்துவிட்டதால் பெயரை எழுதவில்லை. ஐந்து மணிக்கு அதைப் போட்டேன். ஆறடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மேட்ரன் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

“நூத்தியொண்ணு சார். எப்படி சார் காலைலயே சொன்னீங்க?”

“அனுபவம்தான்” என்றேன்.

இதை மேட்ரன் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் என் கைராசியைப் பற்றித்தான் பேச்சு. வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்று இளம் டாக்டர்கள் வராந்தாவில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் கூச்சப்பட்டுக்கொண்டு ஏற்றுக்கொண்டேன்.

அப்படிப் பதினோரு வாரம் போனது. எழுத்தில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம். சனிக்கிழமை ஒரு பதற்றம் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஊரே வானொலிக்கு முன்னால் உட்காரும். வாசலில் பத்தாயிரம் பேர் நின்றார்கள். பலூன்காரர் தம்பியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஆறு மணிக்குத் தெருவில் பஸ் ஓடாது. பெரியவர் எண்பது கிலோவிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கினார். அதையும் மறைக்கவில்லை; கிலோவும் கிராமுமாக அறிக்கையில் இருக்கிறது.

அவர்மேல் எனக்கு என்ன கோபம் என்று நேற்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். கோபமா? அவர்மேல் எனக்கு உயிர். அப்படி ஒரு மனிதர் அமைய எழுதுகிறவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வலித்தால் யாரையும் திட்ட மாட்டார். சதுரங்க ராஜாவை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். போதாக்குறைக்கு என் முதல் ரசிகரும் அவர்தான். ஆறு மணிக்கு வானொலியைக் காதோரம் வைத்துக்கொண்டு, முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்.

“டாக்டர், இன்னிக்கு நீங்க எழுதினது பிரமாதம். எனக்கே என்மேல பரிதாபமாப் போச்சு.”

“அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா.”

“சும்மா சொல்லாதீங்க. அந்த மூச்சுத் திணறல் வர்ற இடம் இருக்கே, எனக்கு அப்ப இப்படித்தான் இருந்துச்சு. சொல்லத் தெரியாம இருந்தேன், நீங்க சொல்லிட்டீங்க.”

ஆசிரியர் பாத்திரங்களுக்கு உயிர் இல்லை என்று எழுதினாரே, அவர் அந்த அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பெரியவருக்கு ஒரே மகள். நாலு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருந்தாள். நிறைமாசம், வந்து பார்க்க முடியவில்லை. பெரியவருடைய மனைவி போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. “பிரசவத்தப்ப அம்மா இல்ல, அப்பாவாவது பக்கத்துல இருக்கணும் டாக்டர். எப்ப விடுவீங்க?” என்று தினமும் கேட்பார். பார்க்கலாம் ஐயா, பார்க்கலாம் ஐயா என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாம் வாரம் கடிதம் வந்தது. பெண் குழந்தை. சுகப்பிரசவம். ‘மூக்கு அப்படியே உங்க மூக்கு, பாவம்’ என்று மகள் எழுதியிருந்தாள். அந்த வரியை எனக்கு நாலு தடவை படித்துக் காட்டினார்.

பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சனிக்கிழமை காலைல நான் கிளம்பறேன். காருக்குச் சொல்லிட்டேன். நீங்க டாக்டரா வேண்டாம்னு சொல்லலாம். நான் படைத்தலைவரா உத்தரவு போடறேன்.”

உத்தரவுக்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? நானும் சீருடை போட்டவன்தானே.

அதே வாரம்தான் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். என் அறிக்கைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட விரும்புகிறாராம். தானே முன்னுரை எழுதுகிறாராம். ‘முன்பு தங்கள் கதைகள் விஷயத்தில் நாங்கள் அவசரப்பட்டிருக்கலாம்’ என்றும் ஒரு வரி. கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்று: ‘முடிவு மட்டும் சப்பென்று இருந்துவிடக் கூடாது.’

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மேஜையில் உட்கார்ந்தேன். அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போவதுபோல்தான் முதலில் எழுதினேன். நாலு தடவை எழுதினேன், அதிகாரி அவர்களே. குப்பைக்கூடையில் நாலும் கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள். காரில் ஏறினார், கையசைத்தார், போனார். எத்தனை புரட்டிப் போட்டாலும் அவ்வளவுதான். பன்னிரண்டு வாரம் காத்திருந்த ஜனங்களுக்கு ஒரு காரின் பின்பக்கத்தைக் காட்டி அனுப்புவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து மணிக்கு ஐந்தாவது தாளை எடுத்தேன். அப்போது கை தானாக ஓடியது. ஒரு சொல் அடிக்கவில்லை. ‘மாலை 5.40 மணிக்கு, மைதானத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கையில், பெரியவர் நம்மை விட்டுப் பிரிந்தார். கடைசியாக அவர் பேசியது பேத்தியைப் பற்றி.’

முழுதாகத் திரும்பப் படித்தேன். அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஃபோர்மேன் எழுத்துக் கோக்க உட்கார்ந்து, இரண்டாவது வரியிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், பெரியவர் போயிட்டாரா?”

“இன்னும் இல்ல. ஆறு மணி வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் என் பிரதியின் மூலையில் வரவு முத்திரையைக் குத்தினார். காலை 10.50. அந்த முத்திரையை மேஜைமேல் வைத்து நேற்று நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மறுக்கவில்லை. ஃபோர்மேனைத் தொந்தரவு செய்யாதீர்கள். டாக்டருக்குத் தெரியாததா என்று நினைத்த மனிதர் அவர்.

ஐந்து மணிக்கு மாடிக்குப் போனேன். பெரியவர் சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டை போட்டு, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்திருந்தார். சதுரங்கக் காய்களைக்கூட டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது. மேட்ரனைத் தேநீர் கொண்டுவர அனுப்பினேன். சுவரில் மணி ஐந்து இருபத்தைந்து. ஊசியை எடுத்தேன்.

“நாளைக்குக் கிளம்பப் போறவனுக்கு எதுக்கு டாக்டர் ஊசி?”

“அறிக்கையில வந்துடுச்சுங்க ஐயா.”

வாய்விட்டுச் சிரித்தார். “அறிக்கையில வந்துட்டா அப்புறம் பேச்சு உண்டா?” என்று தானே கையை நீட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டதும் அவர்தான்.

போட்டேன். நான்தான் போட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

வானொலிக்காகக் காத்திருப்பவர்போல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது, அவர் நாளைய பயணத்தைப் பற்றி, காரின் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டயரோடு நின்றுவிட்டால் என்ன ஆவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

“பேத்தி யாரு ஜாடைன்னு சொன்னீங்க ஐயா?” என்றேன்.

முகம் மலர்ந்தது. “மூக்கு என் மூக்காம். பாவம், பொண்ணுக்கு இந்த மூக்கு...” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. டப்பாவைத் திறக்க வேண்டும்போல் கையை நீட்டினார். நான் திறந்து ராஜாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அறிக்கையில் அது கிடையாது. என் சொந்த விருப்பத்தில் செய்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஐந்து நாற்பது ஆயிற்று. நாடி இருந்தது. மெலிவாக, ஆனால் விடாப்பிடியாக இருந்தது. எழுபத்து நாலு வயது, ஐம்பத்தெட்டு கிலோ, பன்னிரண்டு வாரம் என் வைத்தியம். அதற்குப் பிறகும் அந்த இதயம் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. கீழே மைதானத்தில் வெயில் சரியாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்றுக்கு நின்றது. படிக்கட்டில் மேட்ரனின் காலடி கேட்டது. என்ன செய்வது என்று தெரியவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை மூன்று நிமிடம் பின்னால் தள்ளிவிட்டேன்.

மேட்ரன் தேநீரோடு வந்தார். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நாற்பது என்று அட்டையில் குறித்தார். தலைமையகச் சங்கு ஆறு மணிக்கு ஊதியபோது அதே கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தேழு. அழுதுகொண்டிருந்த நிலையிலும் அவர் அதைக் கவனித்திருக்கிறார். அவர் கணக்கில் புலி என்று முன்னாலேயே சொன்னேன்.

அறிக்கையை வாசித்தார்கள். நாடே அழுதது. வீட்டுக்குப் போனபோது மனைவி முகம் வீங்கியிருந்தது. “அழ வச்சுட்டீங்க. ஆனா கொஞ்சம் அவசரமா முடிச்சுட்டீங்களோன்னு தோணுச்சு” என்றாள். எனக்கு மட்டும்தான் தெரியும், அவசரம் இல்லை, மூன்று நிமிடத் தாமதம் என்று. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் காப்பாற்றிய கையெழுத்துக்கு மேலே, நடக்காத ஒன்றை நடந்ததாக நாட்டுக்குச் சொல்லிவிட்டேன். கடிகாரத்தைத் திருத்தியது அதைவிட மோசம். பெரியவர் நேர்மையான மனிதர். அவர் விஷயத்தில் போய் நான் இப்படி நடந்துகொண்டிருக்கக் கூடாது. இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன்.

பெரியவருடைய மகள் கைக்குழந்தையோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்து, அப்பாவுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று கேட்டதாகச் சொன்னீர்கள். என் அறிக்கைகளைக் கொடுங்கள். எல்லாம் அதில் இருக்கிறது.

புத்தகம் அச்சில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆசிரியருக்குக் கீழே உள்ள திருத்தத்தை அனுப்பிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பிழை திருத்தம்: இறுதி அறிக்கையில் ‘மாலை 5.40’ என்பதை ‘மாலை 5.43’ என்று திருத்தி வாசிக்கவும். மற்றபடி இதில் பொய் எதுவும் இல்லை.